நட்சத்திரம் கோடாகக் கூடாது

உங்க பையை மட்டும் கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளி வெச்சுக்குங்க. ஒண்ணுமில்லைங்க, எம்பைக்குள்ள லென்ஸ் இருக்குது. இந்தத் திம்பம் மலையில இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் உங்க பை வந்து எம்பை மேல சாயுது. இப்ப மூணு வளைவு ஆயிருக்குது, மூணு தடவை சாஞ்சிருக்குது. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். சொல்ல வேண்டாமுன்னு பாத்தேன்.

தாளவாடிக்குங்களா? நானும் அங்கதான். விதைக் கம்பெனியா, நல்லதுங்க. நான் கோபியில ஸ்டுடியோ வெச்சிருக்கறனுங்க. சென்னியப்பன்னு சொல்லி பஸ் ஸ்டாண்டுல ஆரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. இருபத்தாறு வருஷமா இதே தொழில். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, சீரு, எல்லாம் பண்றேன். எங்கூட்டுக்காரி கோகிலவாணி பள்ளிக்கூடத்துல எச்.எம். தாளவாடிக்கு அந்தப்பக்கம் ஏழு கிலோமீட்டர் போகோணும். மூணு வருஷத்துக்கு முன்னால புரமோஷன் குடுத்து மேல போட்டுட்டாங்க. தினமும் ஏறி எறங்க முடியுங்களா? அங்கயே ஒரு சின்ன வீடு எடுத்துத் தங்கிக்கிட்டா. வெள்ளிக்கிழமை சாயந்தரம் வருவா, ஞாயித்துக்கிழமை போயிருவா. இப்பக் கொஞ்ச நாளா அது கொறைஞ்சு போச்சு. வேலை ஜாஸ்தி. இந்தக் கோடை லீவுக்குக் கூட வரலை. அட்மிஷன் வேலை இருக்குதாமா. அந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தம் அறுபத்தி ரெண்டு பசங்க.

நான் எதுக்குப் போறன்னா, நாளைக்கு அஞ்சு மணியோட டிரான்ஸ்பர் விண்ணப்பம் முடியுதுங்க. எங்கூட்டுல இருந்து ரெண்டே கிலோமீட்டர்ல ஒரு பள்ளிக்கூடத்துல எச்.எம். எடம் காலியாகுது. சீனியாரிட்டி கோகிலாவுக்குத்தான். கேட்டாக் கெடைச்சுரும். ஆனா அவ இன்னும் போடலை. மறந்திருப்பா. அதனால நானே எல்லாத்தையும் நெரப்பி எடுத்துட்டுப் போறேன். கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி கூடப் போட்டு வெச்சிருக்கறேன். அவளுக்கு ஒரு சிரமமும் வெக்கலை.

லென்ஸ் எதுக்குங்கறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

போன மார்கழியில ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், போன் பண்ணினா. "ஏனுங்க, இங்க கரண்ட் போயிருச்சு. வெளிய வந்து பாத்தா நட்சத்திரம் கொட்டிக் கெடக்குதுங்க. இதைப் போட்டோ எடுக்க முடியுமா?"ன்னா. "முடியும், ஆனா உன்னால முடியாது"ன்னு சொன்னேன். உள்ளதைத்தானுங்க சொன்னேன். அதுக்கு அவ, "அப்ப சொல்லிக் குடுங்க"ன்னா. வாத்தியாரம்மா பாருங்க, கத்துக்கற ஆசை இருக்குது.

என்னோட பழைய கேமரா ஒண்ணு சும்மாதான் கெடந்துச்சு. ஆயிரத்துச் சொச்சம் கல்யாணம் பாத்த கேமரா. அதைக் குடுத்து, கூடவே அம்பது எம்.எம். லென்ஸையும் குடுத்து விட்டேன். பொண்ணு மாப்பிள்ளை மொகத்தை எடுக்கறதுக்கு அதை மிஞ்சின லென்ஸ் கெடையாதுங்க. ஒரு வாரம் கழிச்சுச் சொல்றா, "ஏனுங்க, இதுல வானத்துல ஒரு சன்னல் அளவுதான் தெரியுது. மலை, பள்ளிக்கூடம், வானம் எல்லாம் சேந்து வரோணும்"ன்னு. நான் சொன்னேன், "மொதல்ல ஒரு சன்னலை ஒழுங்கா எடு"ன்னு. அவ அதுக்கும் சரின்னுதான் சொன்னா. ஆனா பாருங்க, அந்த விசயத்துல அவ சொன்னது சரி. வானத்துக்கு அகல லென்ஸ்தான் வேணும். அப்பறம் யோசிச்சு நானே பதினெட்டு எம்.எம். லென்ஸைக் குடுத்து விட்டேன். நீ சொன்னது சரின்னு சொல்லலை. சொன்னா அப்பறம் பாடம் ஏறாதுங்க.

லென்ஸ் முடிஞ்சுதுன்னா அடுத்தது நேரம். இதுதான் முக்கியம், கவனிங்க. கல்யாண மண்டபத்துல நாம ஷட்டரை ஒரு நொடியில நூத்துல ஒரு பங்கு தொறந்தாப் போதும். வானத்துல வெளிச்சம் இல்லை, அதனால பல நொடி தொறந்து வெக்கோணும். ஆனா ரொம்ப நேரம் தொறந்து வெச்சா பூமி சுத்துதில்லீங்க, நட்சத்திரம் புள்ளியா நிக்காது, இழுத்துக் கோடாயிரும். அதுக்கு ஒரு கணக்கு இருக்குது. ஐநூறை லென்ஸ் நம்பரால வகுக்கோணும். என்னோட பழைய கேமராவுக்கு இன்னொரு ஒன்றரையாலயும் வகுக்கோணும். அம்பது எம்.எம்.முக்கு ஆறரை நொடி வரும். பதினெட்டுக்குப் பதினெட்டரை. அதுக்கு மேல ஒரு நொடி கூடக் கூடாது. இதெல்லாம் அவளுக்கு ஒரு சார்ட்டாவே போட்டு, மேல கொட்டை எழுத்துல "நட்சத்திரம் கோடாகக் கூடாது"ன்னு எழுதி, லேமினேஷன் பண்ணி, இதே பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்து விட்டேன்.

அதுக்கப்பறம் அவ போட்டோ எடுத்து போனுக்கு அனுப்ப ஆரம்பிச்சா. ராத்திரி பத்து மணிக்கு, பதினோரு மணிக்கு. நான் ஒண்ணைக்கூடச் சும்மா விட்டதில்லைங்க. தப்பு இருக்கற எடத்துல எல்லாம் சேப்புல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். மலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குது. போகஸ் பத்தலை. மரக்கெளை உள்ள வருது. ஒரு போட்டோவுல எல்லாமே சரியா இருந்துச்சு. எங்க தேடினாலும் ஒண்ணும் கெடைக்கலை. கடைசியா, "இருபது நொடி வெச்சிருக்கறே, ஒன்றரை நொடி அதிகம்"னு போட்டேன். அதுக்கும் "சரிங்க"ன்னுதான் பதில் வந்துச்சு. மொத்தம் அறுபத்தி நாலு போட்டோ. ஒரு தடவை கூட எதுத்துப் பேசலை. மாசி மாசத்தோட அனுப்பறதை நிறுத்திட்டா. கத்துக்கிட்டா போல இருக்குதுன்னு எனக்கு ரொம்ப சந்தோசம்.

ஏழாவது வளைவுங்களா இது? எட்டா. நீங்க எங்கிட்டப் பேசிட்டு வந்ததுல எண்ணிக்கை விட்டுப் போச்சு.

மாசி அமாவாசைக்கு நானே நேர்ல போனேன். ஒரு தொழில்காரன் எடுத்தா எப்பிடி இருக்கும்னு அவளும் பாக்கோணுமில்லீங்க. வெளிய நிக்க முடியாது, யானை வரும். பள்ளிக்கூடத்து மொட்டை மாடிக்குப் போனோம். காலைல மூணரை மணி. குளிரு காதைப் பிடிச்சு இழுக்குது. அவ ஒரு பாயைக் கொண்டாந்து விரிச்சு, பிளாஸ்க்குல டீ எடுத்துட்டு வந்து, போர்வையைப் போத்திட்டு மல்லாந்து படுத்துக்கிட்டா. நான் மூணு லென்ஸ் கொண்டு போயிருந்தேன். ஒண்ணை மாட்டுவேன், பாப்பேன், கழட்டுவேன். லென்ஸ் மேல பனி எறங்குது, தொடைக்கறேன். போகஸ் பாக்கறதுக்கு ஒரே ஒரு நட்சத்திரத்தை ஸ்கிரீன்ல பத்து மடங்கு பெருசாக்கி வெச்சுட்டுத் திருகிட்டு இருக்கறேன். அப்ப அவ சொல்றா, "கொஞ்ச நேரம் அதை விட்டுட்டு மேல பாருங்களேன்."

"பாத்துட்டுத்தானே இருக்கறேன்"னேன். ஸ்கிரீன்ல நட்சத்திரம் அவ்வளவு தெளிவா இருந்துச்சுங்க. நேராப் பாத்தா அத்தனை பெருசாத் தெரியாது.

அப்பறம் அவ கையை நீட்டி எதையோ காட்டினா. மாடி ஆடினாக் கேமரா ஸ்டாண்டும் ஆடும், அசையாமப் படுன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் அசையவே இல்லைங்க. அந்த மாதிரி ஒத்துழைப்பு எந்த அசிஸ்டெண்டும் குடுத்ததில்லை. அஞ்சு மணிக்கு எல்லாம் சரியா வந்து, பதினெட்டரை நொடி தொறந்து மூடினேன். ஒரே ஒரு போட்டோ. அதுக்குள்ள கெழக்க வெளுத்துருச்சு. "பாத்தியா புள்ள"ன்னு திரும்பினாப் பாய் சுருட்டி வெச்சிருக்குது, ஆளைக் காணோம். தூக்கம் வந்திருக்கும்.

கீழ வந்து தண்ணி குடிக்கலாமுன்னு பானையைப் பாத்தா, நான் போட்டுக் குடுத்த சார்ட்டு பானைக்கு மூடியா இருக்குது. நல்ல லேமினேஷனுங்க. ஒரு சொட்டு உள்ள எறங்கலை.

அந்தப் போட்டோவை ஸ்டுடியோவுக்குக் கொண்டு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். இங்கதாங்க தொழில் இருக்குது. எடுக்கறது பாதி, டச்சப் மீதி. என்னோட டச்சப்புக்காகவே ஈரோட்டுல இருந்து வருவாங்க. பரு, மச்சம், அம்மைத் தழும்பு ஒண்ணும் விட மாட்டேன். இந்தப் போட்டோவுல பாத்தீங்கன்னா, வானத்துல நடுவால தேமல் மாதிரி ஒரு வெள்ளை, இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் படந்திருக்குது. பனியா இருக்கும், இல்லைன்னா லென்ஸ் மேல நான் தொடைச்ச கோடா இருக்கும்னு, மூணு நாள் உக்காந்து அதைச் சுத்தமா எடுத்தேன். அப்பறம் பொடிப்பொடியாப் புள்ளி. ஆயிரக்கணக்குல. அதையும் எடுத்தேன். முக்கியமான நட்சத்திரம் நாப்பது மட்டும் வெச்சேன். வலது பக்கம் கொஞ்சம் காலியா இருந்துச்சு, அங்க ரெண்டு நகத்தினேன். பெருசாப் பிரிண்டு போட்டு, பிரேம் பண்ணி, பங்குனியில பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எடுத்துட்டுப் போய் மாட்டினேன்.

ஒரு பையன் வந்து, "சார், இது எந்த ஊரு வானம்?"ங்கறான். அங்கிருந்த அறிவியல் வாத்தியார் ஒருத்தர், சின்ன வயசு, எங்கிட்ட வந்து மெதுவா, "சார், நடுவுல பால்வெளி இருக்கோணுமே"ன்னார். அந்த வெள்ளைதான் பால்வெளியாமா. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்து அப்பிடித் தெரியுமாமா. அதைத்தான் ஊருலகத்துல எல்லாரும் ராத்திரி முழிச்சுப் போட்டோ எடுக்கறாங்களாமா. அதை முன்னாலயே சொல்லோணுமில்லீங்க. கோகிலாவைக் கேட்டேன், "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" அவ சொன்னா, "அன்னிக்குக் கையை நீட்டிக் காட்டினனுங்களே." அதோட விட்டுட்டா. போட்டோ எப்பிடி இருக்குதுன்னு கேட்டதுக்கு, "நல்லா சுத்தமா இருக்குதுங்க"ன்னா. அவ சட்டுன்னு ஆரையும் பாராட்ட மாட்டா. எனக்கு அது போதும்.

மனசு சங்கடப்பட்டது அதுக்கு அப்பறம் நடந்ததுலதாங்க.

ஆசிரியர்களுக்குன்னு ஒரு மாசப் பத்திரிகை வருது. ஏப்ரல் மாசம் அதோட பின்னட்டையில, கலர்ல, முழுப் பக்கத்துக்கு ஒரு போட்டோ. கீழ "படம்: கோகிலவாணி, தலைமை ஆசிரியர்"னு போட்டிருக்குது. கோகிலவாணி சென்னியப்பன்னு கூட இல்லை. நம்ம கேமரா, நம்ம லென்ஸ். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. பக்கத்துக் கடைக்காரர் கொண்டாந்து காட்டித்தான் எனக்குத் தெரியும்.

போட்டோவைப் பாத்தனுங்க. பள்ளிக்கூடத்து ஓடு, கொடிக்கம்பம், பின்னால வானம். கொடிக்கம்பத்துக்குக் கொஞ்சம் மேல ஒரே ஒரு நட்சத்திரம் புள்ளியா நிக்குது. மத்த நட்சத்திரம் அத்தனையும் அதைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு கோடு. கோடுங்க! எதைக் கூடாதுன்னு லேமினேஷன் பண்ணிக் குடுத்தனோ, அதேதான். போன் பண்ணி எத்தனை நொடி வெச்சேன்னு கேட்டேன். "நாப்பது நிமிஷம்"னா. பட்டனை எப்பிடி அத்தனை நேரம் அமுத்தினேன்னு கேட்டா, அழிரப்பரைப் பட்டன் மேல வெச்சு, ரப்பர் பேண்டை இறுக்கமாப் போட்டு விட்டுட்டாளாமா. ஸ்டாண்டும் இல்லை, அரிசி மூட்டை மேல வெச்சிருக்கறா. நாப்பது நிமிஷமும் நீ என்ன பண்ணினேன்னேன். "பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தனுங்க"ன்னா. "கோடாயிருச்சே புள்ள"ன்னேன். "தெரிஞ்சேதான் விட்டேன்"னா.

பத்திரிகை ஆயிரம் பேரு படிக்கறதுங்க. வாத்தியார் எல்லாம் இதைப் பாத்துட்டு இப்பிடித்தான் எடுக்கோணும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துருவாங்க. அதனால பத்திரிகைக்கு ஒரு கடுதாசி எழுதினேன். "சென்ற இதழின் பின்னட்டைப் படத்தில் ஒரு தொழில்நுட்பப் பிழை நேர்ந்துள்ளது. பதினெட்டரை நொடிக்குப் பதில் நாற்பது நிமிடம் வைத்ததால் நட்சத்திரங்கள் இழுபட்டுள்ளன. வாசகர்கள் பின்பற்ற வேண்டாம்"னு எழுதி, கீழ "இப்படிக்கு, மேற்படி தலைமை ஆசிரியரின் கணவர்"னும் போட்டேன். ஆரோ வேண்டாதவன் எழுதினாப்பல ஆயிரக் கூடாதில்லீங்க. மே மாசத்து இதழ்ல ஒரு எழுத்து விடாமப் போட்டுட்டாங்க.

அது வந்து பதினோரு நாளு கோகிலாகிட்ட இருந்து போனே இல்லை. மலையில டவர் கெடைக்காதுங்க. மழைக்காலத்துல அப்பிடித்தான். கோடையிலயும் சில சமயம் அப்பிடி ஆகும் போல இருக்குது. பன்னண்டாவது நாள் நானே பேசினேன். டிரான்ஸ்பர் விசயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை சரிங்கன்னு சொல்லலை. "பாக்கலாம்"னா. அந்த வார்த்தையை எங்கிட்ட அவ சொன்னதே இல்லைங்க.

உங்ககிட்டச் சொன்னா என்னங்க, தாளவாடி வந்தா நீங்க ஆரோ நான் ஆரோ. வீட்டுல ஆளு இல்லாம நல்லா இல்லை. ராத்திரி டிவியை ஓட விட்டுட்டுத்தான் தூங்கறேன். பாக்கறதுக்கு இல்லை, சத்தம் கேக்கட்டும்னு. பொண்ணு ஓசூர்ல இருக்கறா, ஞாயித்துக்கிழமை பேசுவா. அவளும், "அம்மா அங்க நல்லா இருக்கறாங்கப்பா, விடுங்க"ங்கறா. நல்லா இருக்கறாளாமா. கோகிலா இனி வரவே மாட்டாளோன்னு பயமா இருக்குதுங்க. இதெல்லாம் அவகிட்டச் சொன்னதில்லை. விண்ணப்பத்தை நெரப்பினேன்.

லென்ஸு அதுக்குத்தான். பதினாலு எம்.எம்., புதுசு. கீழ வந்தாலும் வானத்தை எடுக்கட்டும்னு வாங்கினேன். கோபியில தெரு லைட்டு, கடை லைட்டு எல்லாம் போக ஒரு பத்துப் பதினஞ்சு நட்சத்திரம் தெரியுமுங்க. டச்சப் பண்ற வேலையும் மிச்சம்.

இது ஆசனூருங்களா? இங்க டவர் கெடைக்கும். பாருங்க, போன்ல மெசேஜ் வந்த சத்தம். அவளாத்தான் இருக்கும், பஸ் ஏறினப்ப வர்றேன்னு சொல்லியிருந்தேன். என்னோட மூக்குக் கண்ணாடி பைக்கு அடியில மாட்டிக்கிச்சு. நீங்களே கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. சத்தமாப் படிங்க, பரவாயில்லை.

என்னங்க? இன்னொருக்கா படிங்க.

"விண்ணப்பம் போடலைங்க. மறந்து போகலை, யோசிச்சுத்தான் போடலை." அப்பிடியா போட்டிருக்குது? சரி. மேல படிங்க. "நேத்து மழை பெஞ்சு இன்னிக்கு வானம் நல்லா இருக்குது. வாங்க. கேமரா வேண்டாம். பேசாம எம்பக்கத்துல உக்காந்து பாக்கறதுன்னா வாங்க. முடியாதுன்னாக் காலைல மொத பஸ்ஸுக்குத் திரும்பிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவ்வளவுதானுங்களா?

பேசாமன்னா, ஒண்ணுமே பேசாமங்களா? எத்தனை நேரம்னு ஏதாச்சும் போட்டிருக்குதா? போடலையா. இல்லை, தெரிஞ்சாக் கொஞ்சம் வசதியா இருக்குமேன்னு கேட்டேன்.

இருபத்தெட்டு வருஷமாச்சுங்க கல்யாணமாகி. எம்பக்கத்துல வந்து உக்காருங்கன்னு அவ கேட்டது, எனக்கு நெனைவு தெரிஞ்சு இதுதான். கேட்டிருப்பாளோ என்னமோ. இருங்க, கண்ணுல தூசி இல்லை, ஒண்ணுமில்லை. அழுகைதாங்க வருது.

ஒரு உதவி பண்ணுங்க. இந்த விண்ணப்பத்தை நீங்க வெச்சுக்குங்க. கிழிச்சாலும் சரி, விதை மடிச்சுக் குடுத்தாலும் சரி. பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்குது. அப்பறம் இன்னொண்ணு. கையில வாட்ச் கட்டியிருக்கறீங்க. தாளவாடி போய்ச் சேர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசாம வர்றேன். திடீர்னு போய் உக்காந்தா வராது, பழகிக்கோணும். நீங்க நேரத்தை மட்டும் பாத்துக்குங்க. எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. இப்ப ஆரம்பிச்சாச்சு.

*

அது யானை இல்லைங்க, பாறை. முன்னால நிக்கற அம்மா, உங்களைத்தான். ஆனைன்னு கத்திக் கொழந்தையைப் பயப்படுத்தறீங்க பாருங்க. நல்லாப் பாருங்க, பாறைதான் அது. வெயில் படற எடத்துல கொஞ்சம் வெளுத்து...

எத்தனை நிமிஷமாச்சுங்க?

ரெண்டா?

மொதல்ல இருந்து பாத்துக்குங்க.